முதல் பௌலிங் பந்து வாங்கப் போகிறீர்களா?

கம்பெனியின் குடும்ப தினத்தில் விளையாட்டாகத் தொடங்கியிருப்பீர்கள். அப்புறம் சனிக்கிழமை இரவு நண்பர்களோடு இரண்டு ஆட்டம், அப்புறம் வாரநாளிலும் ஒரு தடவை. ஒரு நாள் "சொந்தமாகப் பந்து வாங்கலாமே" என்று தோன்றும். தோன்றியதும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: யூடியூபைத் திறந்து நடுநிசி வரை பந்து விமர்சனம் பார்ப்பது, மறுநாள் ஷாப்பியில் விலை தேடுவது, நிறம் பிடித்துப் போய் வாங்கிவிடுவது. துளை போட ஆள் தேடுவது கடைசியில்.

இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். முதலில் தேட வேண்டியது துளை போடுகிறவரை. நல்ல ட்ரில்லர் கையில் சுமாரான பந்தும் உங்களுக்குப் பொருந்தும். துளை சரியில்லாவிட்டால் ஆயிரம் ரிங்கிட் பந்தும் விரலைப் புண்ணாக்கிவிட்டு அலமாரியில் போய் உட்காரும்.

இந்த விஷயத்தில் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் பௌலிங் இருந்தது. 2017 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியின் பௌலிங் சன்வே பிரமிட்டில் நடந்தது. பௌலிங் வீராங்கனை ஷாலின் சுல்கிஃப்லியைத் தெரியாத மலேசியர் குறைவு. 2018இல் மலேசியாவின் ரஃபிக் இஸ்மாயில் உலக ஆண்கள் போட்டியில் ஒற்றையர் தங்கம் வாங்கினார். இப்படி ஒரு விளையாட்டு வேரூன்றிய ஊரில் போட்டி ஆட்டக்காரர்களுக்குத் துளை போட்டுப் பழகிய கைகளும் இருக்கும். விசாரித்தால் போதும்.

கடைக்குப் போகும் முன்: உங்களையே கொஞ்சம் கவனியுங்கள்

பௌலிங் மையத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் ஹவுஸ் பந்தை வைத்தே சில வாரம் குறிப்பெடுங்கள். எத்தனை பவுண்டு பந்து எடுக்கிறீர்கள், மூன்றாவது ஆட்டத்தில் கை தளர்கிறதா, பந்து நேராகப் போகிறதா, வளைகிறதா. லேனில், அதாவது பந்து உருளும் பாதையில், பந்தை விடும் கோட்டைத் தாண்டிச் சுமார் 15 அடியில் அம்புக்குறிகள் இருக்கும். பந்து எந்த அம்பின் மேல் போகிறது, கடைசியில் எந்தப் பக்கம் முடிகிறது என்று பாருங்கள்.

நண்பரை பின்னால் நிற்கச் சொல்லி ஸ்லோ மோஷனில் ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பந்தின் மேல் ஒரு சிறு வெள்ளை டேப் ஒட்டிவிட்டால், அது எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணிவிடலாம். பல இடங்களில் திரையிலேயே வேகமும் வரும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வேகம் அதிகமாகவும் சுழற்சி குறைவாகவும் உள்ளவருக்கு ஒரு பந்து, மெதுவாக விட்டு நிறையச் சுழற்றுகிறவருக்கு வேறு பந்து. கடைக்காரர் கேட்கும் முதல் கேள்விகளே இவைதான். கேட்காவிட்டால் வேறு கடை பாருங்கள்.

இன்னொன்று: சொந்தக் காலணி இல்லையென்றால் பந்துக்கு முன்னால் அதை வாங்குங்கள். வலது கைக்காரருக்கு இடது கால் வழுக்க வேண்டும், வலது கால் பிடிக்க வேண்டும். வாடகைக் காலணியில் இரண்டும் ஒரே மாதிரி. வழுக்கும் அளவு நாளுக்கு நாள் மாறினால் புதுப் பந்து வாங்கியும் பலன் தெரியாது.

எடை

லீக் ஆடும் மூத்தவர் யாராவது நிச்சயம் சொல்வார்: "தம்பி, 16 எடுப்பா, அப்பத்தான் பின்னு பறக்கும்." அவர் சொல்வதில் பாதி உண்மை. ஒரு பின், அதாவது லேன் முடிவில் நிற்கும் குப்பி வடிவக் கட்டை, ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் கனக்கும். பந்து இலேசாக இருந்தால் முன்னால் நிற்கும் முதல் பின்னில் மோதியதும் வழி விலகிப்போகும், பின்னால் நிற்பவை விழாது. மறுபாதி அவர் சொல்லாதது: கனத்தைத் தாங்காமல் தோள் இறங்கினால் குறியும் போச்சு, வேகமும் போச்சு.

உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு கணக்கு உலவுகிறது. ஆரம்பத்துக்கு அது உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். ஹவுஸ் பந்தின் கட்டைவிரல் துளை யாருக்கும் நுழையும்படி அகலமாக இருக்கும். அதனால் நாம் பந்தை நெரித்துப் பிடிக்கிறோம். கைக்கு அளவெடுத்துப் போட்ட பந்து அதே எடையிலும் இலேசாகத் தெரியும். 12 பவுண்டு ஹவுஸ் பந்தில் மூன்று ஆட்டம் சோர்வில்லாமல் ஆட முடிந்தால் சொந்தப் பந்தை 13 அல்லது 14இல் தாராளமாக வாங்கலாம். 14 பவுண்டு என்பது 6.35 கிலோ, 15 என்றால் 6.8 கிலோ. விதிப்படி 16 பவுண்டுதான் உச்சம்.

எடை குறைவான பந்து வாங்குகிறவர்கள், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு வாங்கும் பெற்றோர், ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். 15 பவுண்டில் இருக்கும் உள்கட்டமைப்பு 12இலும் கீழேயும் பல மாடல்களில் இருக்காது. அதே பெயர், அதே நிறம், உள்ளே சாதாரணமான வேறொரு கோர் (உள்மையம்). விமர்சன வீடியோவில் பார்த்த ஆட்டத்தை அந்தப் பந்திடம் எதிர்பார்க்க முடியாது. அதிக விலை கொடுக்க அங்கே காரணமும் இல்லை.

நீங்கள் ஆடும் லேன்

கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அதில் முதல் 40 அடி போல எண்ணெய் பூசியிருப்பார்கள். கடைசிப் பகுதி காய்ந்திருக்கும். எண்ணெயில் பந்து வழுக்கிப் போகும், காய்ந்த இடம் வந்ததும் பிடித்துத் திரும்பும். பொதுமக்கள் ஆடும் சாதாரண பூச்சில் நடுவில் எண்ணெய் அதிகம், ஓரங்களில் குறைவு. சற்றுத் தப்பி வெளியே போனாலும் பந்து திரும்பி வரட்டும் என்ற தாராளம் அது.

ஆனால் அந்தப் பூச்சு நாள் முழுக்க அப்படியே இருக்காது. ஒவ்வொரு பந்தும் கொஞ்சம் எண்ணெயை எடுத்துக்கொண்டே போகும். ஆகவே கவுண்டரில் கேளுங்கள்: எண்ணெய் எப்போது போடுகிறார்கள்? லீக் எந்த நாள், எந்த நேரம்? வங்சா வாக் மாலிலோ சன்வேயிலோ ஞாயிறு இரவு எட்டு மணிக்கு மேல், பிறந்தநாள் கூட்டம் நாலு மணி நேரம் உருட்டிப் போன லேனில்தான் நீங்கள் வழக்கமாக ஆடுகிறீர்கள் என்றால், அதிகம் வளையும் பந்து உங்களுக்கு எதிரி. எண்ணெய் போட்ட சூட்டோடு லீக் ஆடுகிறவருக்கு அதே பந்து நண்பன். பந்தைப் பற்றி எவ்வளவு படித்தாலும் இந்த ஒரு தகவல் இல்லாமல் முடிவு எடுக்க முடியாது. இதைக் கேட்க ஒரு காசும் செலவில்லை. ஆனாலும் கேட்கிறவர் அபூர்வம்.

மேல் ஓடு எதனால் ஆனது

பந்து எப்படி நடந்துகொள்ளும் என்பதில் பெரும்பங்கு மேல் ஓட்டுக்குத்தான். கார் டயர் மாதிரிதான்: சாலையைத் தொடுவது அது ஒன்றே, எஞ்சின் எதுவானாலும்.

பிளாஸ்டிக், அதாவது பாலியெஸ்டர்: எண்ணெயை உறிஞ்சாது, அதிகம் வளையாது. ஹவுஸ் பந்துகள் பெரும்பாலும் இந்த வகை. விலையும் குறைவு. மட்டம் என்று நினைக்க வேண்டாம். மூலையில் ஒற்றையாக நிற்கும் 10ஆம் பின்னை எடுக்க தேசிய ஆட்டக்காரர்களும் இதையே கையில் எடுப்பார்கள்.

யூரித்தேன்: 1980களில் வந்தது. சீக்கிரமே பிடித்து, மெதுவாக, சீராக வளையும். அருமையான பந்துதான், ஆனால் முதல் பந்தாக வாங்க வேண்டியது இல்லை.

ரியாக்டிவ் ரெசின்: 1990களின் தொடக்கத்தில் வந்து ஆட்டத்தையே மாற்றிய சரக்கு. நுண்ணிய துவாரங்கள் எண்ணெயை உறிஞ்சும்; காய்ந்த இடத்தில் பந்து சட்டென்று திரும்பும். இதில் சாலிட், பேர்ல், ஹைப்ரிட் என்று மூன்று. பொதுவாக சாலிட் சீக்கிரம் பிடிக்கும், எண்ணெய் அதிகமான லேனுக்கு ஏற்றது. பேர்ல் நீளமாகப் போய்க் கடைசியில் கூர்மையாகத் திரும்பும். ஹைப்ரிட் நடுவில்.

பெட்டியில் 500, 2000, 4000 என்று எண் போட்டிருக்கும். அது மேற்பரப்பின் சொரசொரப்பு. எண் சிறியது என்றால் சொரசொரப்பு அதிகம், பந்து சீக்கிரம் பிடிக்கும். இந்த எண்ணைப் பார்த்து ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ட்ரில்லர் தேய்ப்பான் வைத்துச் சில நிமிடத்தில் மாற்றிக் கொடுப்பார்.

கோர் எண்கள்: எவ்வளவு தெரிந்தால் போதும்?

விளம்பரங்களில் அதிக இடம் பிடிப்பது இதுதான். முதல் பந்து வாங்குகிறவருக்குக் குறைவாகத் தேவைப்படுவதும் இதுவேதான். ஆர்ஜி என்ற எண் பந்து எவ்வளவு சீக்கிரம் உருளத் தொடங்கும் என்பதைக் காட்டும். அனுமதிக்கப்பட்ட அளவு 2.46 முதல் 2.80 வரை. எண் கூடக் கூட உருளல் தாமதமாகும். டிஃபரென்ஷியல் என்பது வளைவுக்கான சக்தி. அதன் உச்சம் 0.060. முதல் ரியாக்டிவ் பந்துக்கு ஆர்ஜி 2.50ஐ ஒட்டியும் டிஃபரென்ஷியல் 0.030 முதல் 0.050க்குள்ளும் இருந்தால் நிம்மதி. கோர் சிமெட்ரிக் (சமச்சீர்) வகையாக இருக்கட்டும். ஏசிமெட்ரிக் வகை இன்னும் கோபக்கார ஆட்டம் காட்டும், விலையும் கூட. கை ஒரே மாதிரி விடப் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீடியோக்களை எப்படிப் பார்ப்பது

அமெரிக்க விமர்சகர் நிமிடத்துக்கு 400 சுற்றுக்கு மேல் சுழற்றி விடுவார். பந்து ஓரத்துக்குப் போய்ப் பாய்ந்து திரும்பும். அது அவர் மணிக்கட்டின் வேலை. உங்கள் வேகம், உங்கள் சுழற்சிக்குப் பக்கத்தில் இருப்பவர் விடும் வீடியோவைத் தேடுங்கள். இரண்டு மூன்று பேரை வைத்து ஒரே லேனில் விடச் செய்யும் விமர்சனங்களே பயன்படும். இரண்டு கையால் விடுகிறவரா? இரண்டு கையால் விடும் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் ஜேசன் பெல்மோன்டேயைப் பார்த்துப் பழகிய இளைஞர்கள் இங்கும் நிறைய. அப்படியென்றால் ஒற்றைக் கைக்காரரின் விமர்சனம் உங்களுக்குப் பொருந்தாது.

ஒவ்வொரு கம்பெனியும் "ஹூக் அளவு" (வளைவின் அளவு) என்று தனக்கென ஓர் எண் வைத்திருக்கிறது. ஒரு கம்பெனியின் 70ஐ இன்னொன்றின் 70ஓடு ஒப்பிடாதீர்கள், அளவுகோலே வேறு.

பந்துகளின் பிராண்ட் பெயர்கள் பலவாக இருந்தாலும் செய்யும் வீடுகள் சிலதான். ஸ்டார்ம், ரோட்டோ கிரிப், 900 குளோபல் மூன்றும் ஒரே குடும்பம். 2019இல் எபனைட் நிறுவனத்தை பிரன்ஸ்விக் வாங்கியதால் ஹேமர், டிராக், கொலம்பியா 300 எல்லாம் இப்போது பிரன்ஸ்விக் கூரையின் கீழ். மோட்டிவ் தனி. ஆகவே "எந்த பிராண்ட் நல்லது?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் சண்டைதான் வரும், பதில் வராது. அந்தக் குடும்பத்துக்குள் எந்த வரிசை என்று கேளுங்கள். அடையாளத்துக்குச் சில: பிளாஸ்டிக்கில் கொலம்பியா 300 வைட் டாட், தொடக்க நிலை ரியாக்டிவில் பிரன்ஸ்விக் ரைனோ, நடுத்தரத்தில் பல வருடமாக விற்பனையில் இருக்கும் ஸ்டார்ம் ஹை-ரோட். இவற்றையேதான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. கடைக்காரரிடம் "இது மாதிரி" என்று பேச்சைத் தொடங்க உதவும். ஆசியச் சந்தைக்கு மட்டும் வரும் மாடல்களும் உண்டு. அமெரிக்க விமர்சனம் கிடைக்காவிட்டால் பந்து போலி என்று நினைத்துவிட வேண்டாம்.

என் தீர்ப்பைக் கேட்டால்: நேராக விடுகிறவர், இப்போதைக்கு நேராகவே விடப் போகிறவர், கைக்கு அளவெடுத்த ஒரு பிளாஸ்டிக் பந்து வாங்குங்கள். வளைக்கத் தொடங்கிவிட்டவர், சிமெட்ரிக் கோர் உள்ள தொடக்க அல்லது நடுத்தர ரியாக்டிவ், அதிலும் பேர்ல் அல்லது ஹைப்ரிட். விலைப்பட்டியலின் உச்சியில் இருப்பது எண்ணெய் நிறைந்த போட்டி லேனுக்குச் செய்தது. வார இறுதி லேனில் அது பாதி வழியிலேயே வளைந்து, பின்களை விட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடும்.

ட்ரில்லரிடம்

போகும் முன் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுப் போங்கள். வெயிலில் வந்து நின்றால் விரல் உப்பியிருக்கும், ஏர்கானில் அரை மணி உட்கார்ந்தால் சுருங்கும். ஆடி முடித்த கைதான் உண்மையான கை. உப்புக் கருவாட்டோடு நாசி லெமாக் சாப்பிட்ட மறுநாள் கட்டைவிரல் துளை இறுகுகிறது என்று புலம்பும் ஆட்டக்காரர்களை எனக்குத் தெரியும், சிரிக்க வேண்டாம்.

அவர் முதலில் ஸ்பேன் அளப்பார்: கட்டைவிரல் துளையிலிருந்து நடுவிரல், மோதிரவிரல் துளைகளுக்கு உள்ள தூரம். பிறகு பிட்ச்: துளை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்பது. ஹவுஸ் பந்தில் விரல் இரண்டாவது கணு வரை உள்ளே போகும். வளைத்து விட விரும்புகிறவருக்கு ஃபிங்கர்டிப் பிடி போடுவார்கள். முதல் கணு வரை மட்டும். முதலில் கட்டைவிரல் வழுக்கி வெளியே வரும், அதன் பின் விரல்கள் பந்தைத் தூக்கிச் சுழற்றும். முதல் சில நாள் பந்து விழுந்துவிடுமோ என்று பயமாகத்தான் இருக்கும்.

நல்லவர் என்றால் கையை வளைத்துப் பார்ப்பார், விரல் எவ்வளவு மடங்குகிறது என்று பார்ப்பார், பழைய காயம், மணிக்கட்டு வலி ஏதும் உண்டா என்று விசாரிப்பார். முடிந்தால் நீங்கள் விடுவதைப் பார்க்கவும் வருவார். ஐந்து நிமிடத்தில் அளவெடுத்து "நாளைக்கு வாங்க" என்பவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

அவரிடம் கேட்க வேண்டியவை: விலையில் துளை போடும் கூலி சேர்ந்ததா? விரல் துளைக்கான ரப்பர் இன்செர்ட், கட்டைவிரல் துளைக்குள் வைக்கும் ஸ்லக் சேர்ந்ததா? பிறகு கட்டைவிரல் துளையைச் சரிசெய்ய வந்தால் காசு உண்டா? வெளியே வாங்கிய பந்துக்குக் கூலி எவ்வளவு? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். இணையத்தில் கொஞ்சம் மலிவாக வாங்கிவிட்டு, அனுப்பும் செலவும் கூடுதல் துளைக் கூலியும் கொடுத்தால் மிச்சம் பிடித்தது காணாமல் போகும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய பந்து

முடா விளம்பரத் தளத்திலும் பேஸ்புக்கிலும் நிறையக் கிடைக்கும். கெட்ட யோசனை இல்லை, ஆனால் விலையோடு இன்னும் இரண்டு செலவைச் சேர்க்க வேண்டும்: இருக்கும் துளைகளை அடைப்பது, புதிதாகப் போடுவது. நேரில் பார்த்து வாங்குங்கள். துளைகளுக்கு நடுவே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். சுற்றிலும் எண்ணெய்க் கோடு பதிந்து மங்கியிருந்தால் பந்து உறிஞ்ச வேண்டியதை உறிஞ்சிவிட்டது. கடைகளில் எண்ணெய் எடுக்க முடியும், ஆனால் அதுவும் காசு. விரல்களுக்கானதைத் தவிரக் கூடுதலாக ஒரு துளை இருந்தால் அது பழைய காலத்துச் சமநிலைத் துளை. 2020 ஆகஸ்ட் முதல் அமெரிக்க பௌலிங் சங்க விதி அதை அனுமதிப்பதில்லை. போட்டி ஆடும் எண்ணம் இருந்தால் அடைத்தே ஆக வேண்டும்.

வாங்கி வந்த பிறகு

ஒவ்வொரு தடவை விட்ட பிறகும் மைக்ரோஃபைபர் துண்டால் துடையுங்கள். ஆட்டம் முடிந்ததும் பௌலிங் பந்துக்கான கிளீனரைக் கொண்டு துடையுங்கள். எண்ணெய் உள்ளே இறங்கும் முன் எடுப்பதுதான் முறை. பிளாஸ்டிக் பந்துக்கு இவ்வளவு வேலை இல்லை.

பந்தைக் கார் பூட்டில் வைக்கவே கூடாது. நம் ஊர் வெயிலில் திறந்தவெளியில் நிறுத்திய காரின் பூட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ரியாக்டிவ் ஓடு அந்தச் சூட்டில் விரிந்து சுருங்கி விரிசல் விடலாம். வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் போதும்.

ரயிலில் போய் வருகிறவர் சக்கரம் வைத்த பை வாங்குங்கள். ஸ்ரீ ரம்பாய் எல்ஆர்டி நிலையத்திலிருந்து வங்சா வாக் ஒட்டியே இருக்கிறது, ஆனால் ஏழு கிலோவைத் தோளில் மாட்டி மாறி மாறி ரயில் ஏறிவிட்டு ஆடத் தோள் மிச்சமிருக்காது. ஒரே பந்துதானே என்று ஒற்றைப் பை பார்க்காதீர்கள். இரண்டு பந்துப் பையாக எடுங்கள். முதல் பந்து ரியாக்டிவ் என்றால், ஸ்பேருக்கு, அதாவது முதல் தடவை விழாமல் மிஞ்சும் பின்களை எடுக்க, ஒரு பிளாஸ்டிக் பந்து சீக்கிரமே வந்து சேரும்.

முதல் இரண்டு வாரம் ஸ்கோர் இறங்கும். பதறிப் போய் வேறு பந்து தேடக் கிளம்ப வேண்டாம். கட்டைவிரல் சிக்குகிறதா, அடிப்பக்கம் கொப்பளம் வருகிறதா, பந்தை நெரித்துப் பிடிக்கிறீர்களா என்று மட்டும் கவனியுங்கள். துளை தளர்வாக இருந்தால் உள்ளே ஒட்ட மெல்லிய டேப் கிடைக்கும். அதற்கும் சரிவரவில்லை, அல்லது இறுக்கமாக இருக்கிறது என்றால், ஆடி முடித்த கையோடு, துடைக்காத பந்தோடு ட்ரில்லரிடம் போய்க் காட்டுங்கள். பந்தில் பதிந்த எண்ணெய் வளையங்களைப் பார்த்தே கை எங்கே தப்புகிறது என்று அவர் பாதி சொல்லிவிடுவார்.